ரெண்டை மூடுங்க

நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது, நாங்கள் இரண்டு பேர். நான் உட்காரப் போவதில்லை, காளியப்பண்ணனும் உட்கார மாட்டார், அதனால் காலி நாற்காலிக்கு இரண்டு பக்கமும் காவல்காரர்களைப் போல நின்றுகொண்டிருக்கிறோம். ஹோட்டலின் இரண்டாம் மாடி, இருநூற்று ஏழாம் எண் அறைக்கு வெளியே. கதவுக்குப் பின்னால் பம்ப்செட் கம்பெனியின் எம்.டி. ஜெயவரதன் இருக்கிறார், அவரோடு, இந்த டீலர்கள் கூட்டத்தை ஏற்பாடு செய்து தருகிற என் முதலாளி நிகில் இருக்கிறான். கீழே ஹாலில் நானூறு டீலர்கள் டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். டீ இடைவேளை பதினொன்று இருபதிலிருந்து பதினொன்று ஐம்பது வரை, அந்த நேரத்தைப் போட்டது நான்தான், எதற்கு எத்தனை நிமிடம் என்று போடுவதுதான் என் வேலை. இப்போது பதினொன்று இருபத்தாறு. "நான் கூப்பிடறப்ப வந்தாப் போதும், அதுவரைக்கும் ரெண்டு பேரும் இங்கயே நில்லுங்க," என்று சொல்லிவிட்டு நிகில் கதவைச் சாத்தினான். சாத்தும்போது காளியப்பண்ணனுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். அதை வாயில் ஊட்டியிருந்தால் துப்பியிருப்பேன், கண்ணுக்குள் போட்டதை என்ன செய்வது. ஏசி குளிர் காலர் வழியாக இறங்குகிறது. எங்கோ ஓர் அறையில் வாக்குவம் கிளீனர் ஓடி நிற்கிறது, மறுபடி ஓடுகிறது. காளியப்பண்ணன் மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போடுகிறார். முதலில் இடது கை, பிறகு வலது கை. கழுத்துப் பொத்தானையும் போடுகிறார். கோவிலுக்குள் நுழைகிறவர் மாதிரி. ஐம்பத்து மூன்று வயது மனிதர் ஒருவர் தன்னைத் திட்டப் போகிறவனுக்காகப் பொத்தான் போடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், அவர் வாங்கப் போகிற திட்டு என்னுடையது.

என்னுடையதுதான். அதில் சந்தேகமே இல்லை, எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. காலர் மைக் இரண்டு. இரண்டாம் எண் தொகுப்பாளினிக்கு, மூன்றாம் எண் எம்.டி.க்கு. காலை ஒன்பது நாற்பதுக்கு மூன்றாம் எண்ணின் பெட்டியில், இடுப்பில் செருகுகிற அந்தச் சின்னப் பெட்டியில், விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. எம்.டி.க்கு நல்லது போகட்டும் என்று இரண்டையும் மாற்றி மாட்டினேன். ஒலி பார்த்துக்கொள்கிற காளியப்பண்ணனிடம் சொல்ல வேண்டும், சொல்வதற்கு வாக்கி-டாக்கியைத் தூக்கினேன், தூக்கிய நேரத்தில் நிகில் பூங்கொத்து ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று கத்தினான், நான் பூங்கொத்தின் பின்னால் ஓடினேன். அவ்வளவுதான். மாற்றியது என் தலைக்குள்ளிருந்தும் போய்விட்டது. பதினொன்று ஏழுக்கு எம்.டி. பேசிக்கொண்டிருக்கிறார், தொகுப்பாளினி மேடை ஓரத்தில் தண்ணீர் குடிக்கிறாள், அவள் மைக் மூடாமல் கிடக்கிறது, மடக் மடக்கென்று அவள் தொண்டை ஹால் முழுக்கக் கேட்கிறது. நான் வாக்கியில் சொல்கிறேன்: "ரெண்டை மூடுங்க." காளியப்பண்ணன் மூடினார். எம்.டி. அப்போது இறந்துபோன தன் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "எங்கப்பா கடைசியா என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு," என்றார், அதற்குமேல் சத்தம் இல்லை. வாய் அசைகிறது, கை காற்றில் எதையோ பிடித்துக் காட்டுகிறது, கண் கலங்குகிறது, சத்தம் இல்லை. அந்த இடத்தில் தொகுப்பாளினியின் இன்னொரு மடக். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மூன்று வரிசை முன்னால் வந்தது. நான் "தொறங்க, ரெண்டைத் தொறங்க" என்று கத்துவதற்குள் பதினோரு நொடி ஆகிவிட்டது. பதினோரு நொடி என்பது எவ்வளவு நீளம் என்று மேடையில் நின்றவருக்குத்தான் தெரியும். அந்த ஒரே ஒரு வார்த்தை என்னவென்று நானூறு பேரில் ஒருவருக்கும் தெரியாது. அவரும் திரும்பச் சொல்லவில்லை. கம்பெனியின் அடுத்த வருடத் திட்டத்துக்குத் தாவிவிட்டார்.

எம்.டி. மேடையிலிருந்து இறங்கியதும் நிகில் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்தான். "என்ன ஆச்சு?" சொன்னேன். முழுதாகச் சொன்னேன், ஒன்பது நாற்பது, விளக்கு, பூங்கொத்து, எல்லாம். அவன் கேட்டுக்கொண்டான், தலையை ஆட்டினான், பிறகு, "ஓகே ஷான், இதை என்கிட்ட சொன்னதோட மறந்துரு. சவுண்டுக்காரரைக் கூட்டிட்டு மேல வா," என்றான். ஷான். என் பெயர் சங்கரேஸ்வரி. கழுத்தில் தொங்கும் அட்டையில் இடம் போதவில்லையாம், கிளையண்டுக்கு வாயில் நுழையாதாம், சேர்ந்த முதல் வாரமே வெட்டிவிட்டான். நான் தலையாட்டினேன், அப்போது எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சேர்ந்த இரண்டாம் மாதம் சேலத்துக்குப் போகிற காரில் வைத்துப் பாடம் சொன்னான்: "தப்பு நடக்கும் ஷான், நடக்காத ஈவெண்டே கிடையாது. நடந்தா கிளையண்டுக்கு ஒரு ஆளைக் காட்டணும். காரணம் சொன்னா அவங்களுக்குக் கோபம் கூடும், ஆளைக் காட்டினா ஆறும். அந்த ஆள் நம்ம கம்பெனி சட்டை போட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான்." அன்றைக்கு அது எனக்குப் புத்திசாலித்தனமாகப் பட்டது. நோட்டில்கூட எழுதி வைத்தேன் என்று நினைக்கிறேன். என் மேல் கம்பெனிச் சட்டை இருக்கிறது, கறுப்பு, மார்பில் வெள்ளை எழுத்து. காளியப்பண்ணன் மேல் கட்டம் போட்ட சட்டை. அவர் ஒப்பந்தத்துக்கு வருகிறவர், ஒலி மிக்ஸரும் பெட்டிகளும் அவருடையவை, ஆனால் ஆள் வெளியாள். எனவே இந்தக் கதவுக்கு முன்னால் அவர் பொத்தான் போடுகிறார்.

அப்பா பொத்தான் போடவில்லை, அப்பாவுக்கு அவகாசம் இருக்கவில்லை. ஏன் இப்போது இது. வேண்டாம் என்றால் நிற்கிறதா. விளாத்திகுளத்தில் அப்பா மைக்செட் வைத்திருந்தார். சங்கரேஸ்வரி ஒலி ஒளி அமைப்பகம், என் பெயரை முழுதாக எழுதிய ஒரே பலகை அது. எனக்கு ஒன்பது வயது. ஒரு கல்குவாரிக்காரர் வீட்டுச் சடங்கு, பந்தல் தெருவையே அடைத்திருந்தது. சடங்குப் பெண்ணின் தாய்மாமன் பேச எழுந்தார், வெள்ளைச் சட்டை, கழுத்தில் என் மணிக்கட்டு தடிமனுக்குச் சங்கிலி. அவர் வாயைத் திறந்ததும் மைக் கீச்சென்று கத்தியது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள், பிறகு சிரித்தார்கள். அவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். எங்களை நோக்கித்தான் வருகிறார் என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை, அப்பாவிடம் ஏதோ கேட்க வருகிறார் என்று நினைத்தேன். அடித்தார். அந்தச் சத்தத்தையும் மைக் வாங்கி ஊருக்குச் சொன்னது. அப்பா என்ன செய்தார் தெரியுமா, அவர் கை கன்னத்துக்குப் போகவில்லை, ஆம்ப்ளிஃபயர் குமிழுக்குப் போனது. சத்தத்தைக் குறைத்தார். குறைத்து, காதைச் சாய்த்துக் கேட்டு, சரியாகிவிட்டது என்று உறுதி பண்ணிக்கொண்டு, "இப்பப் பேசுங்கண்ணாச்சி," என்றார். சிரித்துக்கொண்டு சொன்னார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நான்தான் சொன்னேன். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை. "அவரு ஒண்ணும் சொல்லலல்ல? நீயும் சொல்லாத, ஏட்டி," என்றாள். அடுத்த தை மாதம் அதே வீட்டுக்குப் புதுமனை புகுவிழாவுக்கு மைக்செட் கட்டப் போனார். நான் போகவில்லை, வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டேன். அடித்தவரை நான் வெறுத்திருக்க வேண்டும். கொஞ்சம் வெறுத்தேன், பிறகு அவர் முகமே மறந்துபோய்விட்டது. மறக்காதது அப்பாவின் சிரிப்பு. வெறுத்தது அதைத்தான். இத்தனை வருடமும் அதைத்தான்.

அந்தப் பந்தலில் இன்னொரு மனிதர் இருந்தார், பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். கையில் ஒரு தாள் வைத்திருந்தார், யார் பேச வேண்டும், யாருக்குப் பொன்னாடை, எந்தச் சீர்வரிசை முதலில் என்று வாசித்துக்கொண்டிருந்தார். அவர் இரண்டு பெயர்களைத் தப்பாக வாசித்தார், ஒரு சித்தப்பாவை விட்டேவிட்டார். அவரை யாரும் அடிக்கவில்லை. விட்டுப்போன சித்தப்பா அவரிடம் வந்து கெஞ்சும் குரலில் பேசினார். தாள் வைத்திருக்கிறவனை யாரும் அடிப்பதில்லை என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரிந்துவிட்டது. கல்லூரியில் ஆண்டு விழாவென்றால் தாள் என் கையில். மதுரையில் ஒரு கல்யாண ஏற்பாட்டுக் கம்பெனியில் சேர்ந்தேன், அங்கே ஒரு மணப்பெண்ணின் அம்மா சந்தனக் கிண்ணத்தை என் மேல் எறிந்தாள், ஏனென்றால் அப்போது நான் கிண்ணம் தூக்குகிறவள், தாள் வேறொருத்தியிடம். துடைத்துக்கொண்டே முடிவு செய்தேன், இனிமேல் தாள் இல்லாமல் நிற்பதில்லை. கோயம்புத்தூர் வந்து நிகிலின் ஈவெண்ட் கம்பெனியில் சேர்ந்தேன், மூன்று வருடத்தில் ப்ராஜெக்ட் மேனேஜர், இருபத்தேழு வயது. நேர்முகத்தில் ஏன் இந்தத் துறை என்று கேட்டார்கள். மக்களைச் சந்தோஷமாகப் பார்ப்பது பிடிக்கும் என்றேன். மக்களைச் சந்தோஷமாகப் பார்ப்பதா. எனக்கு எந்த மக்களையும் பிடிக்காது. மாலை போட்டுக்கொள்கிறவர்களைப் பிடிக்காது, கைதட்டுகிறவர்களைப் பிடிக்காது, குழுப்படம் எடுக்கும்போது நடு இடத்துக்கு முண்டுகிறவர்களைப் பிடிக்காது. அடி விழாத இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக வந்தேன். வந்து சேர்ந்துவிட்டேன். இதோ நிற்கிறேன், அடி பக்கத்து ஆளுக்கு விழப்போகிறது, என் மேல் தூசி படாது. கையில் இன்றைய நிகழ்ச்சித் தாள் ஈரமாகியிருக்கிறது.

 காளியப்பண்ணன் என்னைத் திட்டினால் என்ன, நீதானே சொன்னாய் என்று ஒரு தடவை கேட்டால் என்ன. கேட்க மாட்டார். கேட்காமலே என்னைச் சிறுத்துப்போக வைக்கிறார் என்று அவர் மேலும் கோபம் வருகிறது. "மேடம்," என்கிறார், கதவைப் பார்த்தபடி. "சொல்லுங்கண்ணா." "உள்ள போனா நீங்க ஒண்ணும் பேச வேண்டாமுங். நான் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டு வந்தர்றேன். பெரியவரு நல்ல மனுசனுங், அவங்கப்பா காலத்துல இருந்து எனக்குத் தெரியும். ரெண்டு சத்தம் போடுவாரு, ஆறிரும்." "தப்பு என்னுதுண்ணா." "அதெல்லாம் இப்ப எதுக்குங்." அவ்வளவுதான், மறுபடியும் கதவைப் பார்க்கிறார். எனக்காகச் சொல்கிறார். என்னைக் காப்பாற்ற ஒரு மனிதர் தலையைக் குனியப் போகிறார், நான் அதை ஏற்றுக்கொண்டு அடுத்த நிகழ்ச்சிக்கு ஓடப் போகிறேன். அம்மா சொன்னதைத்தான் இவரும் சொல்கிறார், நீ சொல்லாதே. எல்லோரும் எனக்கு இதையே சொல்கிறார்கள்.  கல்குவாரிக்காரர் வீட்டுப் பந்தலில் நான் எழுந்து, மைக்கைத் தப்பான இடத்தில் வைத்தது உங்கள் ஆள், எங்கப்பா இல்லை என்று சொல்லியிருந்தால்? உண்மையில் அப்படித்தான் நடந்தது, ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் மைக்கை நகர்த்தியது அந்த வீட்டுப் பையன், நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அப்பாவிடம்கூட. அப்பாவின் சிரிப்பை வெறுக்கிறேன் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டது இதை மறைக்கத்தானா. இன்றைக்குச் சொல்வேன். கதவு திறந்ததும் சொல்வேன். சொல்லிவிட்டால் முடிந்துவிடும்.

கதவு திறக்கிறது. நிகில் விரலால் கூப்பிடுகிறான். உள்ளே சோபாவில் எம்.டி. ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார், மேடையில் தெரிந்ததைவிடச் சின்ன உருவம், ஒரு சாக்ஸில் பெருவிரல் பக்கம் நைந்திருக்கிறது. ஜன்னல் ஓரம் அவர் மகன் ஃபோனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான், மார்க்கெட்டிங்கை அவன்தான் பார்க்கிறான். "பதினோரு செகண்டுப்பா," என்கிறான் நிமிராமல், "வீடியோல எண்ணிப் பார்த்தேன்." நிகில் குரலைத் தாழ்த்தி, "சார், சவுண்ட் பண்றவரைக் கூட்டிட்டு வந்திருக்கோம்," என்கிறான். காளியப்பண்ணன் கைகளைக் கூப்புகிறார். "தப்பு நடந்துபோச்சுங்கய்யா. மன்னிக்கோணும்." எம்.டி. அவரைப் பார்க்கிறார். நெற்றியைத் தேய்க்கிறார். கோபம் போய்க்கொண்டிருக்கிற முகம், எனக்கு அப்போதே அது தெரிந்திருக்க வேண்டும், களைத்துப்போய், சரி போய் வேலையைப் பார் என்று சொல்லப் போகிற முகம். வாயைக்கூடத் திறந்துவிட்டார். நான் பேசிவிட்டேன். "சார், அவர் தப்பில்ல. மைக்கை மாத்தி மாட்டினது நான். அவர்கிட்டச் சொல்லாம விட்டது நான். மூடச் சொன்னதும் நான்தான்."  ஒரு நொடி எனக்கு உடம்பு லேசாகிறது, நிஜமாகவே தரையிலிருந்து எழும்பியது போல. பிறகு நிகில் சிரிக்கிறான். "ஷான் எப்பவும் இப்படித்தான் சார். டீம்ல யாரையும் விட்டுக் குடுக்க மாட்டா. நானே எத்தனையோ தடவை திட்டியிருக்கேன்." எம்.டி.யின் முகம் என் பக்கம் திரும்பி இளகுகிறது. "நல்ல பொண்ணு. எங்க கம்பெனில இப்படி நாலு பேரு வேணும்." "சார், நிஜமாவே நான்தான்," என்கிறேன். "சரிம்மா, சரி," என்கிறார், குழந்தையிடம் சொல்வது போல. பிறகு காளியப்பண்ணனைப் பார்க்கிறார், இப்போது அந்த முகம் வேறு. "ஒரு சின்னப் பொண்ணு முன்னால வந்து பேசுது, நீ பின்னால நின்னு கேட்டுக்கிட்டு இருக்கற. வெக்கமா இல்ல? நிகில், மத்த ஊர்க் கூட்டத்துக்கெல்லாம் வேற ஆளைப் போட்டுக்குங்க. இன்னிக்கு மட்டும் இவரு முடிச்சுக் குடுக்கட்டும்." காளியப்பண்ணன் கூப்பிய கைகளை இறக்கவில்லை. "சரிங்கய்யா," என்கிறார். நிகிலின் கை என் தோளில் விழுந்து என்னைக் கதவுப் பக்கம் திருப்புகிறது. தோள் எலும்பில் அவன் கட்டைவிரல் அழுந்துகிறது.

மறுபடியும் வராந்தா, மறுபடியும் அந்த நாற்காலி. இப்போது காளியப்பண்ணன் அதில் உட்கார்கிறார். கழுத்துப் பொத்தானைக் கழற்றுகிறார். பதினொன்று முப்பத்தெட்டு. "அண்ணா," என்கிறேன். "நான் சொன்னேனுங்களே அம்மிணி, பேச வேண்டாம்னு." அவர் என்னை மேடம் என்று கூப்பிடவில்லை என்பது எனக்கு உறைக்கிறது. "அவரு போயிட்டு வான்னு சொல்ல வாயைத் தொறந்தாருங். பார்த்தீங்கல்ல?" "பார்த்தேன்." "இன்னும் ஆறு ஊரு இருந்துச்சுங், ஈரோடு, கரூர், திருச்சின்னு. போச்சு." குரல் உயரவில்லை, சாமான் எண்ணுகிறவர் போலச் சொல்கிறார். "உங்களுக்கு மனசு லேசாச்சுங்களா?"  லேசானது, ஒரு நொடி, அவருக்கும் அது தெரிந்திருக்கிறது. "நான் காலைத் தொட்டுக் கும்பிட்டிருந்தாக்கூட எனக்கு ஒண்ணும் கொறைஞ்சிருக்காதுங். எனக்கு வேலைதான் வேணும். நீங்க பேசினது எனக்காகன்னு நெனைச்சுக்காதீங்க." கைப் பொத்தான்களையும் கழற்றுகிறார். "என்ற தப்பும் இருக்குதுங். நீங்க ரெண்டுன்னு சொன்னப்ப மிக்ஸர்ல ரெண்டாம் வெளக்கு ஆடிக்கிட்டு இருந்துச்சு. பெரியவரு பேசப் பேச ஆடுது. அது அவரு மைக்குன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சேதான் மூடினேன்." "அப்ப ஏண்ணா கேட்கல?" அவர் என்னைப் பார்க்கிறார், இன்றைக்கு முதல் தடவையாக நேராக. "சேலத்துல ஒருக்காக் கேட்டேனுங். ஒண்ணா நாலான்னு. கேள்வி கேக்காதீங்க, சொன்னதை மட்டும் செய்யுங்கன்னு வாக்கியில சொன்னீங்க. லைட்டுக்காரங்க, கேமராக்காரங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. அதுக்கப்பறம் நான் கேக்கறதில்லீங்."

எனக்கு ஞாபகம் இல்லை. சேலம் ஞாபகம் இருக்கிறது, போன வருட நகைக்கடைத் திறப்பு, வெயில், அன்றைக்குக் காலையில் நான் சாப்பிடவில்லை, எல்லாம் ஞாபகம் இருக்கிறது, நான் சொன்னது இல்லை. அப்பாவை அடித்த தாய்மாமனுக்கும் அடித்தது ஞாபகம் இருந்திருக்காது. மாடிப்படி இறங்குகிறேன், லிஃப்டில் நிகிலோடு நிற்க முடியாது. காளியப்பண்ணன் முன்னால் இறங்கிப் போய்விட்டார், அவர் செருப்புச் சத்தம் ஒரு மாடி கீழே கேட்கிறது. எத்தனை பேரிடம் அப்படிச் சொல்லியிருப்பேன். பூக்காரரிடம், மேடை போடுகிறவர்களிடம், போன மாதம் பந்தியில் ஒரு அம்மாள் தட்டை இடது பக்கம் வைத்தாள் என்று அவளிடம். அவர்கள் யாரும் என்னைத் திருப்பி ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்கள், சரிங்க மேடம் என்றார்கள், அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். படிக்கட்டு நடுவில் நின்று ஃபோனை எடுக்கிறேன். இந்த நிகழ்ச்சிக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது, முப்பத்தோரு பேர், எங்கள் கம்பெனி, பம்ப்செட் கம்பெனி, எம்.டி.யின் மகன், பூ, சமையல், லைட், கேமரா, காளியப்பண்ணன், எல்லோரும். அறைக்குள் சொன்னது மாதிரி சொல்லக் கூடாது, நான்தான் நான்தான் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டால் மறுபடியும் நல்ல பொண்ணு என்பார்கள். விவரம் மட்டும். தட்டுகிறேன்: காலை 9.40க்கு காலர் மைக் 2, 3 இரண்டையும் நான் மாற்றி மாட்டினேன். காளியப்பனுக்குத் தெரிவிக்கவில்லை. 9.41க்கு மேடை ஓரக் கேமராவில் நான் மாட்டுவது பதிவாகியிருக்கும், பார்த்துக்கொள்ளலாம். 11.07க்கு இரண்டை மூடச் சொன்னது நான், வாக்கியில் இருந்த ஐந்து பேரும் கேட்டிருக்கிறார்கள். கேள்வி கேட்கக் கூடாது என்று அவருக்கு முன்பே நான் சொல்லியிருந்ததால் அவர் கேட்கவில்லை. இதை டீ இடைவேளைக்கு முன்பே நிகிலிடம் சொல்லிவிட்டேன். சங்கரேஸ்வரி. கடைசி வரியை ஒரு தடவை அழிக்கிறேன், நிகில் பெயர் இருக்கிற வரியை, மறுபடி எழுதுகிறேன். அனுப்புகிறேன். வீட்டு வாடகை, வண்டிக் கடன், அம்மாவின் முழங்கால், எல்லாம் அந்தப் படிக்கட்டில் என்னோடு வந்து நிற்கிறது. பார்த்தவர்கள் ஏழு பேர். பன்னிரண்டு. பத்தொன்பது.  சமையல்காரர் எழுதுகிறார்: வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாடு எத்தனைன்னு சொல்லுங்க மேடம், லேட் ஆகுது. நான் பதினெட்டு என்று பதில் போடுகிறேன். அதற்குக் கீழே எம்.டி.யின் மகன் ஒரே ஒரு கேள்விக்குறி போடுகிறான், யாருக்கு என்று தெரியவில்லை. நிகில் கூப்பிடுகிறான், நான் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிடுகிறான். பிறகு திரையில் வருகிறது: நிகில் உங்களை நீக்கினார்.

ஹாலுக்குள் வரும்போது பதினொன்று நாற்பத்தொன்பது. டீலர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு இருக்கைகளுக்குத் திரும்புகிறார்கள், ஒருவர் என்னை நிறுத்தி, "சாப்பாடு ஒரு மணிக்கா ஒன்றரைக்கா?" என்று கேட்கிறார், ஒரு மணிக்கு என்கிறேன். எனக்கு இப்போது இங்கே என்ன வேலை என்று தெரியவில்லை. குழுவில் இல்லை, ஒருவேளை கம்பெனியிலும் இல்லை. ஆனால் அடுத்துப் பேச வேண்டிய விற்பனைப் பிரிவுத் தலைவர், எம்.டி.யிடமிருந்து கழற்றிய பெட்டியை மாடிக்குப் போகுமுன் நான் மாட்டிவிட்டவர், மேடை ஓரத்தில் கோட்டின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைத்தான் பார்க்கிறார், தொகுப்பாளினி என்னைத்தான் பார்க்கிறாள், லைட்டுக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காத்திருக்கிறார். ஹாலின் பின்கோடியில் காளியப்பண்ணன் மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். ஃபோன் அவர் பக்கத்தில் மேசைமேல் கிடக்கிறது, படித்தாரா இல்லையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பதினொன்று ஐம்பது. வாக்கியை வாயருகில் கொண்டுபோகிறேன். "அண்ணா, அடுத்தவருக்கு மைக் திறக்கணும்." கொரகொரப்பு. பிறகு அவர் குரல். "எந்த நம்பருங்?" "ரெண்டு." ஐந்து பேர் கேட்டுக்கொண்டிருக்கிற வாக்கியில், நானூறு பேர் உட்கார்ந்திருக்கிற ஹாலில், அவர் அவசரமே இல்லாமல் மிக்ஸர் விளக்குகளைக் குனிந்து பார்க்கிறார். "பெட்டியைப் பார்த்தீங்களா மேடம்?" "மாட்டினப்ப பார்த்தேன்." "இப்பப் பாருங்." எனக்குள் பழையது ஒன்று சுருக்கென்று எழும்புகிறது, சொன்னதை மட்டும் செய்யுங்க என்று நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. அதை விழுங்குகிறேன், கசக்கிறது. மேடைப் படியேறி விற்பனைத் தலைவரின் பின்னால் போய், "ஒரு நிமிஷம் சார்," என்று சொல்லி, முழு ஹாலும் பார்க்க அவர் கோட்டைத் தூக்கிக் குனிகிறேன். முன்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை விரலால் தடவிப் பார்க்கிறேன். நிமிரும்போது நடுப்பாதையில் நிகில் என்னை நோக்கி வேகமாக வந்துகொண்டிருக்கிறான், பாதி தூரம் வந்துவிட்டான். நான் அவனைப் பார்க்காமல் பின்கோடியைப் பார்க்கிறேன். "பார்த்துட்டேண்ணா," என்கிறேன். "ரெண்டுதான். தொறங்க."